ஒஹ்ரிட் ஏரியில் ஒரு முழுக்கு

செப்டம்பர் 19, வெள்ளி. ஸ்கோப்யே

அம்மாவுக்குச் சொல்வதற்காக எழுதுகிறேன். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்துக்கொண்டு, "போற எடத்தையெல்லாம் எழுதிட்டு வா வடிவு. வந்து வாசிச்சுக் காட்டு, எனக்கும் பொழுது போவும்" என்று சொல்லி அனுப்பினாள். கண் மங்கிவிட்டதே தவிர, காது இன்னும் பாம்புச்செவிதான். நான் வரவில்லை என்றுதான் சொல்லிப் பார்த்தேன். "எங்க அக்கா வீட்டு விசேஷம். நீ இல்லாம எப்படி?" என்றார் இவர். டாக்டரும் பயப்பட ஒன்றுமில்லை என்றார். தம்பி சுந்தரம் பக்கத்திலேயே இருக்கிறான். சரி என்று கிளம்பிவிட்டேன்.

வந்திருப்பது வட மாசிடோனியா. பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் ஐரோப்பா வரைபடம் நடத்துகிறேன். இந்த நாட்டில் ஒரு பிள்ளையையும் புள்ளி வைக்கச் சொன்னதில்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்தது மதினி, அதாவது இவருடைய அக்கா உலகநாயகி. மதினி வீட்டுக்காரர் பிறவிப்பெருமாள் அண்ணாச்சிக்கு அறுபது நிறைகிறது. திருக்கடையூரில் கல்யாணம் அடுத்த மாதம். ஆனால் நட்சத்திரம் வருகிற நாளில் ஏதாவது ஒரு வெளிநாட்டில் மாலை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று மதினிக்கு ஆசை. "சுவிட்சர்லாந்துக்கு எதுத்த வீட்டுக்காரியே போயிட்டு வந்துட்டா. நாம போற ஊரு பேரச் சொன்னா, எந்த ஊருன்னு ரெண்டாந்தடவ கேக்கணும்லா" என்றாள். எல்லோரும் கேட்டார்கள்.

சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேர், ஒரு வேன், கூடவே சமையலுக்குச் சுடலை. சுடலையின் பெட்டியில் குக்கர், இட்லித் தட்டு, வடகம், புளி. விமான நிலையத்தில் பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்த அதிகாரி அதற்குப் பிறகு எங்கள் பெட்டிகளில் ஒன்றையும் திறக்கவில்லை.

ஊரில் திரும்பின பக்கமெல்லாம் சிலை. குதிரைமேல் ஒருவர், குதிரை இல்லாமல் ஒருவர், பாலத்தின்மேல் வரிசையாகப் பலர். நம் ஊர் என்றால் இத்தனை பேருக்கும் கம்பிக் கூண்டு போட்டிருப்பார்கள். இங்கே கூண்டு கிடையாது.

எல்லார் பாஸ்போர்ட்டும் இவர் இடுப்புப் பையில்.

சாயங்காலம் ஹோட்டல் வைஃபையில் சுந்தரத்தைக் கூப்பிட்டேன். ஃபோனை அம்மா காதில் வைத்தான். "சாப்ட்டியா?" என்றாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது.


செப்டம்பர் 20, சனி

மட்கா என்ற இடத்துக்குப் போனோம். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவில் பச்சைத் தண்ணீர், அதில் படகு. எல்லாரும் கைதட்டிப் பாட்டுப் பாடினார்கள். எனக்கு மூச்சு முட்டியது. மலை இரண்டும் நெருங்கி வருகிற மாதிரி இருந்தது. படகை நிறுத்தச் சொன்னால் எங்கே இறங்குவது?

அம்மாவை ஐ.சி.யு.வுக்கு மாற்றியிருக்கிறார்கள். "சும்மா பாத்துக்கிடத்தாங்க்கா" என்றான் சுந்தரம். சும்மா பார்த்துக்கொள்ள எந்த ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வில் வைக்கிறார்கள்? நான் ஊருக்குப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன்.

"தனியாவா? ஏர்போர்ட்டு மாறணும், பிளேனு மாறணும். ஒனக்கு என்ன தெரியும்? செத்த நேரம் சும்மா இரு. புதன்கிழமை விசேஷம் முடிஞ்ச ஒடன எல்லாரும் சேந்தே போயிருவோம்."

மதினியிடம் சொன்னேன். "வயசானவங்களுக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும். எங்க மாமியாருக்கு எட்டு வருசமா வாங்குச்சு" என்றாள்.

பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை. அம்மா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.


செப்டம்பர் 21, ஞாயிறு. ஒஹ்ரிட்

பகல் முழுக்க வேன். வழியில் எல்லா வீட்டு முற்றத்திலும் சிவப்புக் குடைமிளகாயைத் தகர அடுப்பில் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தார்கள். ஊரே மிளகாய் வாசனை. குளிர்காலத்துக்கு அரைத்துப் புட்டியில் அடைத்து வைப்பார்களாம். வழிகாட்டிப் பெண் எலேனா ஒரு வீட்டில் வாங்கித் தந்தாள். ரொட்டியில் தடவித் தின்கிறார்கள். உறைப்பே இல்லை. உறைப்பில்லாத மிளகாய்க்கா இத்தனை பாடு என்று சுடலை வருத்தப்பட்டான்.

ஏரிக்கரையில் சமையலறையோடு ஒரு முழு வீட்டை எடுத்திருக்கிறார்கள். எங்கள் அறை மாடியில். ஜன்னலைத் திறந்தால் ஏரி, அதற்கு அந்தப் பக்கம் மலை, அது அல்பேனியாவாம். அழகாகத்தான் இருக்கிறது. என்ன அழகு இருந்து என்ன?

என் ஃபோனில் இங்கே வைஃபை வரவில்லை. சரிசெய்து தருகிறேன் என்று இவர் வாங்கிக்கொண்டார்.


செப்டம்பர் 22, திங்கள்

காலையில் நான் எழுந்தபோது இவர் தலைக்குக் குளித்துவிட்டுத் துவட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்தால் உண்டு, மற்ற நாளில் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்கிற மனிதர். "இந்தக் குளிருல எதுக்கு? சளி பிடிக்கப் போவுது" என்றேன். "சும்மாதான்" என்றார். விபூதி பூசவும் மறந்துவிட்டார். விபூதி டப்பா கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஃபோன் சரியாகவில்லையாம். சுந்தரத்திடம் தானே பேசிவிட்டதாகவும், அம்மா தூங்குவதாகவும் சொன்னார். "எழுப்ப வேண்டாம்னு டாக்டரு சொல்லிருக்காவ." சரி, தூங்கட்டும். தூங்கினால் நல்லதுதானே.

இன்றைக்கு எல்லோருக்கும் என்மேல் ஒரு பாசம். இத்தனை வருஷத்தில் என் சாம்பாரில் உப்புச் சரியாக இருந்ததாக மதினி ஒத்துக்கொண்டதே இல்லை. அவள் என் தட்டில் இட்லிக்குத் தானே நெய் விட்டாள். வேனில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள். அவள் மகள் மல்லிகா கடைத்தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கழிப்பறைக்குப் போனால் அங்கேயும் வாசலில் நின்றாள். "எனக்கு என்ன, வழி தெரியாமலா போயிரும்?" என்று கேட்டதற்குச் சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும். இது அந்தச் சிரிப்பு இல்லை.

இந்த ஊரில் மீன் செதிலை அரைத்து முத்து செய்கிறார்கள். பல அடுக்காகப் பூசிப் பூசிக் காயவைப்பார்களாம். பார்த்தால் அசல் முத்து தோற்றுப்போகும். இவர் கேட்காமலே எனக்கு ஒரு மாலை வாங்கித் தந்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டும் ஒன்று வாங்கித் தந்ததில்லை.

மத்தியானம் சுடலை கேசரி கிண்டியிருந்தான். எல்லாருக்கும் வைத்தவன் என்னைத் தாண்டிப் போனான். "எனக்கு எங்கே?" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒங்களுக்கு வேண்டாம்மா" என்றான். மதினி ஒரு சத்தம் போட்டாள். "ஏன் வேண்டாம்? அவளுக்கு என்ன சீக்கா? கொண்டா இங்க." கரண்டியைப் பிடுங்கி அவளே இரண்டு கரண்டி வைத்தாள். முந்திரி நிறைய இருந்தது. சாப்பிட்டேன்.

சாயங்காலம் இவர் படகுத்துறையில் நின்று ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சுடலைக்காகக் குடம் எடுத்துக்கொண்டு போனபோது கொஞ்சம் காதில் விழுந்தது. "வைக்க வேண்டாம்... எப்படி வர முடியும்?... ஆமா, அவளும் அதத்தான் சொல்லுதா." என்னைக் கண்டதும் ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு, குடத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இவர் குடம் தூக்கி நான் பார்த்ததில்லை.

அவள் என்றது யாரை என்று கேட்கவில்லை. மதினியாக இருக்கும்.


செப்டம்பர் 23, செவ்வாய்

அம்மா, இன்றைக்குப் படகில் ஏரியின் தெற்கு ஓரத்துக்குப் போனோம். அங்கே ஒரு பழைய மடம் இருக்கிறது. வளாகம் முழுக்க மயில்! நம் கழுகுமலையில்கூட இத்தனை இல்லை. ஒரு வெள்ளை மயில் கூரைமேல் ஏறி நின்று கத்தியது. நீ இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாய்.

கோயிலுக்குள் ஒரு சின்ன அறை. அதில் அந்தச் சாமியாரை அடக்கம் செய்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேலே ஆகிறதாம். சமாதிக் கல்லில் காதை வைத்தால் அவர் நெஞ்சு துடிப்பது கேட்கும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. ஒவ்வொருவராகக் குனிந்து காதை வைத்தார்கள். மதினிக்கு நன்றாகக் கேட்டதாம். அண்ணாச்சி தன் நெஞ்சுதான் கேட்டது என்றார். நானும் குனிந்து வைத்தேன். கல் சில்லென்று இருந்தது. வெகு நேரம் வைத்திருந்தேன் போலிருக்கிறது. பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்து நகர்ந்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் எலேனா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எதற்கு என்று சொல்லவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. இங்கே இப்படி ஒரு பழக்கம்போல. மற்றவர்களை அவள் கட்டிப்பிடிக்கவில்லை.

மல்லிகாவிடம் ஃபோன் கேட்டேன். "சார்ஜ் இல்ல அத்தே" என்றாள். அவள் கையில் அதில் ஏதோ வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது படகில் ஒருவரும் பாடவில்லை. நான் போய் உட்கார்கிற இடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது. எழுந்து வேறு பக்கம் போனால் அங்கே நிற்கிறது. சுற்றிலும் தண்ணீர். கத்தினால் யாருக்குக் கேட்கும்?

பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், நான் போகிறேன் என்று இவரிடம் இன்றைக்கும் கேட்டேன். "நாளைக்கு ஒரு நாள்தானட்டி. அக்கா மனசு நோவ வேண்டாம். அத்தை நல்லாத்தான் இருக்காவ" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஏரியிடம் சொன்னார்.

நல்லாத்தான் இருப்பாள். ஊருக்குப் போனதும் மயில் விஷயத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.


செப்டம்பர் 24, புதன்

காலையில் எழுதியது: இன்று விசேஷம். பட்டுச் சேலை கட்டிக்கொண்டேன். மதினி என் தலையில் பூ வைத்துவிட்டாள். ரோஜா, இந்த ஊர் ரோஜா. நெற்றியில் பெரிதாகக் குங்குமமும் வைத்தாள். வைத்த கையோடு விருட்டென்று வெளியே போய்விட்டாள்.

மத்தியானம். தலைமுடி இன்னும் காயவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வீட்டுக்கு முன்னால், ஏரியில் இறங்குகிற கல்படிக்கு மேலே, அண்ணாச்சியையும் மதினியையும் மணைக்குப் பதிலாக இரண்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ரோஜா மாலை. போகிற வருகிற வெள்ளைக்காரர்கள் நின்று படம் எடுத்தார்கள். மாலை மாற்றினார்கள். குலவை போட்டார்கள். "வடிவு, வா. தம்பி பொண்டாட்டிதான் ஆரத்தி எடுக்கணும்" என்று மதினி கூப்பிட்டாள். மல்லிகா ஆரத்தித் தட்டை என் கையில் கொடுத்தாள்.

இவரைத் தேடினேன். அக்காவுக்கு அறுபதாங்கல்யாணம், தம்பி முன்னால் நிற்க வேண்டாமா? தள்ளி, வேன் பக்கத்தில் நின்றார். மாலையைத் தொடவில்லை, அட்சதை போடவில்லை. நெற்றி வெறுமையாக இருந்தது. மூன்று நாளாக வெறுமையாகத்தான் இருக்கிறது.

சாவுச் செய்தி காதில் விழுந்தால் தலைக்குக் குளிக்க வேண்டும். இவர் குளித்துவிட்டார். தீட்டு வந்துவிட்டது, அதனால் தள்ளி நிற்கிறார். எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் எனக்குத் தீட்டு இல்லை. கேட்டால்தான் தீட்டு. இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கல்யாண வீட்டில் சாவு வந்தால் தாலி ஏறும்வரை சம்பந்தப்பட்டவர் காதில் போடமாட்டோம். நானே ஒரு கல்யாணத்தில் அப்படி வாயை மூடிக்கொண்டு பந்தி பரிமாறியிருக்கிறேன். என் காதுவரைக்கும் வராமல் பார்த்துக்கொண்டால் நான் ஆரத்தி எடுக்கலாம், பூ வைக்கலாம், கேசரி தின்னலாம்.

அம்மா செத்த அன்றைக்கு நான் கேசரி தின்றிருக்கிறேன்.

தட்டைக் கல்லின்மேல் வைத்தேன். "என்னட்டி?" என்றாள் மதினி. பூவைப் பிய்த்து எடுத்தேன். முத்து மாலையைக் கழற்றி மல்லிகா கையில் கொடுத்தேன். படியில் இறங்கினேன். பாசியில்லை, வழுக்கவில்லை. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. பட்டுச் சேலை மேலே மிதந்தது, அமுக்கிக்கொண்டேன். குளிர் எலும்பில் ஏறியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினேன். எழுந்து மறுபடி முங்கினேன். கரையில் எலேனாவின் அலறல் கேட்டது, வெள்ளைக்காரர் ஒருவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தார். எங்கள் ஆட்களில் ஒருவரும் அலறவில்லை. நான் விழவில்லை, குளிக்கிறேன் என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மூன்றாவது தடவை முங்கி எழுந்தபோது இவர் செருப்போடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"யாரு சொன்னா ஒனக்கு? எவன் சொன்னான்? அந்தச் சுடலைப் பயலா?"

யாரும் சொல்லவில்லை. இவர்தான் அப்போது சொன்னார்.

நின்ற இடத்திலேயே வாய்விட்டு அழுதேன். ஏரியில் நின்றுகொண்டு என் தாயைச் சொல்லி அழுதேன். எவனாலும் என்னை நிறுத்த முடியவில்லை.

மதினி கழுத்து மாலையோடு எழுந்துவிட்டாள். என் பக்கத்தில் வரவில்லை. "தம்பி, அவள ரூமுக்குக் கூட்டிட்டுப் போ. இங்கன ஒண்ணயும் தொட வேண்டாம். முடிஞ்சா இன்னைக்கே ஊருக்கு அனுப்பிரு." சனிக்கிழமையிலிருந்து இந்த நாட்டைவிட்டுப் போக வழியே கிடையாது. ஈரச் சேலையை நான் மாற்றுவதற்குள் டிக்கெட் கிடைத்துவிட்டது, ஸ்கோப்யேவுக்குக் காரும் வந்துவிட்டது. என் ஃபோனும் சரியாகிவிட்டது.

சுந்தரத்தைக் கூப்பிட்டேன்.

"எப்பலே?" என்றேன்.

"திங்கக்கெழம வெடியக்காலம்." அவன் குரல் என்னவோ போல இருந்தது. அக்காவிடம் பேசுகிற குரல் இல்லை.

"இன்னைக்குக் கெளம்புதேன். பெட்டியிலதான வச்சிருக்க? நாளான்னைக்கு வந்துருவேன். நான் வந்துதான் வாய்க்கரிசி போடணும்."

"நேத்தே எடுத்தாச்சுக்கா."

"எனக்குக் காத்திருக்கலியா?"

"நீதானக்கா எடுக்கச் சொன்ன?" என்றான். "ஐஸ் பெட்டிக்குச் சொல்லி, ஆளு பெட்டியோட வாசல்ல நிக்கான். நீ வார வரைக்கும் வைக்கலாம்னுதான் நான் இருந்தேன். அத்தான் பேசினாவ. நீ அழுதுட்டுப் பேச முடியாம இருக்கன்னும், அம்மாவ வச்சு நாறடிக்காண்டாம், எடுத்துருங்கன்னு நீயே சொன்னன்னும் சொன்னாவ. பெத்த மக வாயில எப்படி அந்த வார்த்த வந்துச்சுன்னு சித்தி நடுவீட்டுல ஒக்காந்து கேட்டா."

இவர் கட்டிலின் மறு ஓரத்தில் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். ஃபோனில் பேசுவது அவருக்கும் கேட்டது.

"நான் சொல்லலலே சுந்தரம். எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். இப்பதான்."

அவன் சின்ன வயசில் அடிபட்டால் அழுகிற மாதிரி அழ ஆரம்பித்தான்.


செப்டம்பர் 25, வியாழன். இஸ்தான்புல் விமான நிலையம்

அடுத்த விமானத்துக்கு நேரம் இருக்கிறது. மாறுகிற இடம் ஒன்றும் அப்படிப் பெரிய கஷ்டமாக இல்லை. பலகையைப் பார்த்து நடந்தால் வந்துவிடுகிறது. பாஸ்போர்ட் என் கையில்தான் இருக்கிறது.

சுந்தரம் சாம்பலைக் கரைக்காமல் வைத்திருக்கிறான். நான் போன பிறகுதான் குறுக்குத்துறை ஆற்றுக்குக் கொண்டுபோவோம். சித்தி வேண்டாம் என்றாளாம். அக்கா வரட்டும் என்று சொல்லிவிட்டானாம்.

இவர் ஸ்கோப்யேவரைக்கும் காரில் கூட வந்தார். வழியெல்லாம் மிளகாய் வாசனை வந்துகொண்டிருந்தது. விமான நிலையத்தில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, நானும் வருகிறேன் என்றார். அக்கா விசேஷத்தை முடித்துவிட்டு வாருங்கள் என்றேன். எல்லார் நல்லதுக்கும்தான் செய்தேன் என்றார். இருக்கலாம். அக்கா மனசு நோகாமல் பார்த்துக்கொண்டார், அது உண்மைதான்.

உள்ளே போகிற வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வடிவு, வீட்டுல போயி... எடுக்கச் சொன்னது நான்தான்னு சொல்லிக்கிட வேண்டாம், என்ன? ஊருக்காரன் என்ன நெனப்பான்? நீ சொன்னதாவே இருந்துட்டுப் போவட்டும்."

இருபத்தாறு வருஷம் இவர் சொன்னதற்கெல்லாம் சரி என்று தலையாட்டியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் தலை ஆடப் போனது, நிறுத்திக்கொண்டேன்.

"சொல்லுவேன்" என்றேன். "வாசல்ல காலு வச்ச ஒடனே, சித்திகிட்டத்தான் மொதல்ல சொல்லுவேன்."

பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். இங்கே அடுத்த விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.